அல் ஓர்ட்டரின் தொடக்க ஆண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விளையாட்டு விழாவில் வட்டு எறிதல் எங்கே நடக்கும் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. பந்தலுக்கு எதிர்க்கோடியில், வேலியோரம், காலை வெயில் ஏறுவதற்குள் அது முடிந்துவிட்டிருக்கும். அந்த மூலையில் எறிந்து பழகியவன் நான். இப்போது அதே மூலையில் பிள்ளைகளை நிறுத்திச் சொல்லித்தருகிறேன். ஓய்வு நேரத்தில் ஓர்ட்டர் கதையை நானேதான் ஆரம்பிப்பேன். பிறகு பிள்ளைகளும் அவர்களை அழைத்துப்போக வரும் பெற்றோரும் கேள்விமேல் கேள்வியாகக் கேட்பார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யார் இந்த அல் ஓர்ட்டர்?

அமெரிக்க வட்டெறி வீரர். 1956 மெல்போர்ன், 1960 ரோம், 1964 டோக்கியோ, 1968 மெக்சிகோ நகரம் என்று தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் ஒரே போட்டியில் தங்கம் வென்றவர். தடகளத்தில் அவருக்கு முன் எவரும் அதைச் செய்ததில்லை. நான்கு முறையும் ஒலிம்பிக் சாதனையோடு வென்றார். நான்கு முறையும் எதிரே உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஒருவர் நின்றார். நான்கு முறையும் அந்த உலக சாதனைக்காரர் தோற்றார்.

இந்தப் பக்கத்தில் நான் பேசப்போவது முதல் இரண்டு தங்கங்களையும் அவற்றுக்கு முந்தைய ஆண்டுகளையும்தான். டோக்கியோவில் கழுத்துப் பட்டையும் கிழிந்த விலாக் குருத்தெலும்புமாக எறிந்த கதை எல்லோரும் சொல்வது. தொடக்கக் கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அதில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது என்பது என் கட்சி.

எங்கே பிறந்தார்? சிறுவயதில் எப்படி இருந்தார்?

1936 செப்டம்பர் 19 அன்று நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் பிறந்தார். வளர்ந்தது நகரத்துக்குக் கிழக்கே லாங் தீவில், நியூ ஹைட் பார்க் என்னும் ஊரில். படித்தது செவான்ஹாக்கா உயர்நிலைப் பள்ளியில். வாழ்நாள் முழுக்க உயர் ரத்த அழுத்தம் அவரை விடவில்லை. வளர்ந்தபின் உயரம் 6 அடி 4 அங்குலம். பிற்காலப் படங்களைப் பார்த்துவிட்டு, பிறக்கும்போதே மலைபோல் இருந்திருப்பார் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பள்ளியில் அவர் ஆரம்பித்தது ஓட்டக்காரராக.

காலடியில் வட்டு வந்து விழுந்த கதை உண்மையா?

உண்மைதான். ஓர்ட்டருக்கு அப்போது 15 வயது. ஓடுகளத்தில் நின்றுகொண்டிருந்தவரின் காலருகே, யாரோ எறிந்த வட்டு ஒன்று வந்து விழுந்தது. எடுத்துத் திருப்பி எறிந்தார். அது எறிந்தவர்களுடைய தலைக்கு மேலே பறந்து, அவர்கள் நின்ற இடத்தையும் தாண்டிப் போய் விழுந்தது. ஓட்டக்காரர் அன்றிலிருந்து வட்டெறிபவர் ஆனார்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லி முடித்ததும் ஏதாவது ஒரு பையன், "அப்படியென்றால் அது பிறவியிலேயே வரவேண்டும், இல்லையா சார்?" என்று கேட்டுவிடுகிறான். அதனால் இப்போதெல்லாம் இந்தக் கதையைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். அன்று அந்த வட்டு எத்தனை அடி போனது என்று யாரும் அளக்கவில்லை. அளந்து எழுதிவைத்த கணக்கு அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. எனக்கு அந்தக் கணக்குதான் பிடிக்கும்.

பள்ளியில் அவர் எறிந்த தூரம் என்ன?

1954இல் 184 அடி 2 அங்குலம், அதாவது சுமார் 56.1 மீட்டர். அமெரிக்கப் பள்ளி அளவில் அப்போது அதுவே தேசிய சாதனை.

இந்த எண்ணைக் கேட்டு மலைக்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் பள்ளி வட்டின் எடை சுமார் 1.6 கிலோ. ஆண்களுக்கான முழு வட்டு 2 கிலோ. நம் பிள்ளைகளுக்கும் இப்படிப் படிப்படியாகத்தான் ஏறுகிறது: 18 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு 1.5 கிலோ, 20 வயதுக்கு உட்பட்டோருக்கு 1.75, அதற்குமேல் 2. பெண்களுக்கு 1 கிலோ. எடை கூடும்போது தூரம் விழும். பள்ளியில் நட்சத்திரமாக இருந்தவர்கள் கல்லூரிக்குப் போனதும் காணாமல் போவது பெரும்பாலும் இந்த 400 கிராமில்தான்.

ஓர்ட்டர் இரண்டரை ஆண்டு கழித்து மெல்போர்னில் 2 கிலோ வட்டை எறிந்த தூரம் 56.36 மீட்டர். பள்ளியில் லேசான வட்டு போன தூரத்தைக் கனமான வட்டு தாண்டிவிட்டது! அவருடைய வளர்ச்சியைக் காட்ட இந்த இரண்டு எண்களையும் பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுவேன். வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

எடை தூக்கினால் உடம்பு இறுகிப்போய் வேகம் போய்விடும் என்கிறார்களே?

1950களில் அமெரிக்கப் பயிற்சியாளர்கள் பலரும் இதையேதான் சொன்னார்கள். தசை கூடினால் மூட்டு மடங்காது என்பது அன்றைய நம்பிக்கை. குண்டெறிதலில் பாரி ஓபிரையன், வட்டெறிதலில் ஓர்ட்டர் போன்றவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எடைப் பயிற்சி செய்தார்கள். முடிவை உலகம் பார்த்தது. ஆனாலும் நம் ஊரில் அந்தப் பழைய பேச்சு இன்னும் ஓயவில்லை.

இதோடு ஓர் எச்சரிக்கை: பதின்மூன்று வயதுப் பிள்ளை தனியே போய்க் கனமான இரும்பைத் தூக்கக் கூடாது. கூட ஆள் வேண்டும். முறை தெரிந்த ஆள் வேண்டும்.

நியூயார்க்காரர் ஏன் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார்?

உதவித்தொகை கிடைத்தது. 1954இல் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் லாரன்ஸ் நகருக்குப் போனார். வீட்டிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். கடற்கரைப் பையனுக்கு நடுநாட்டுக் கோதுமைச் சமவெளி.

தடகளத்துக்கு அது சரியான இடம். பயிற்சியாளர் பில் ஈஸ்டன் அங்கே வலுவான அணியை உருவாக்கியிருந்தார். குண்டெறி வீரர் பில் நீடர் அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்தான். 1956 ஒலிம்பிக்கில் வெள்ளியும் 1960இல் தங்கமும் வென்றவர். கூடைப்பந்தில் பின்னாளில் பெரும் பெயர் எடுத்த வில்ட் சேம்பர்லினும் அதே காலத்தில் அங்கே படித்தார், தடகளத்திலும் பங்கெடுத்தார். இருபது வயதுப் பையன் தன்னைவிடப் பெரிய ஆட்களை நாள்தோறும் மைதானத்தில் பார்த்துப் பழகினால், வெளியூர்ப் போட்டியில் பெயர் கேட்டு நடுங்க மாட்டான். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்நாளில் முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணிக்கு ஆட முடியாது. எனவே 2 கிலோ வட்டுக்குக் கையைப் பழக்க ஓராண்டு அவகாசம் தானாகவே கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு விதி இருந்தால் நன்றாயிருக்கும் என்று சில சமயம் தோன்றும்.

மெல்போர்னில் என்ன நடந்தது?

முதலில் மாதத்தைக் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ் என்பதால் அந்த ஒலிம்பிக் நவம்பரில் தொடங்கியது. அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் ஜூனோடு ஓய்ந்துவிடும். ஒலிம்பிக் அணித் தேர்வும் ஜூன் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் உடம்பைத் தளரவிடாமல் வைத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கே கடினம். ஓர்ட்டர் அப்போது கல்லூரி மாணவர்.

எதிரே யார்? உலக சாதனைக்காரர் ஃபார்ச்சூன் கோர்டியன்: வயது 34, 1953இல் 59.28 மீட்டர் எறிந்தவர், 1948இல் வெண்கலம், 1952இல் நான்காம் இடம். (ஃபார்ச்சூன் என்றால் அதிர்ஷ்டம். மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் அவர் கைக்கு எட்டவில்லை. பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.) இன்னொரு பக்கம் இத்தாலியின் அடால்ஃபோ கொன்சோலினி: 1948இன் சாம்பியன், வயது 39. ஓர்ட்டர் பிறந்தபோது கொன்சோலினிக்கு 19 வயது. இவர்களுக்கு நடுவே, தன் நாட்டின் கல்லூரிச் சாம்பியன் பட்டத்தைக்கூட இன்னும் வென்றிராத பையன்.

நவம்பர் 27, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம். இறுதிச் சுற்றில் ஓர்ட்டர் தன் முதல் வாய்ப்பிலேயே 56.36 மீட்டர் எறிந்துவிட்டார். 1952 ஹெல்சின்கியில் சிம் ஐனெஸ் வைத்திருந்த ஒலிம்பிக் சாதனை 55.03. அது அங்கேயே உடைந்தது. அவருடைய வாழ்க்கையில் அதுவரை அதுதான் மிகத் தொலைவான எறிதல்.

வட்டெறிதலில் முதல் வாய்ப்பு என்பது தனி உலகம். பெரும்பாலோர் அதைக் கோட்டுக்குள் விழுந்தால் போதும் என்று பத்திரமாக எறிவார்கள். ஓர்ட்டர் எதையும் மிச்சம் வைக்காமல் எறிந்தார். அதன்பின் மற்றவர்களுடைய ஒவ்வொரு எறிதலும் அவருடைய எண்ணைப் பார்த்து எறிந்த எறிதல். அப்படி எறியும்போது தோள் முந்திக்கொள்ளும், இடுப்பு பின்தங்கும், வட்டு தள்ளாடும். கோர்டியனால் 54.81தான் முடிந்தது. மூன்றாவது டெஸ் கோக், 54.40. மூன்று பதக்கமும் அமெரிக்காவுக்கு. கொன்சோலினி ஆறாவது.

ஒரே ஒரு நல்ல எறிதல் வாய்த்துவிட்டது. அது அதிர்ஷ்டம்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோர் இல்லை. இல்லை என்பதுதான் பதில், எண்களோடு சொல்கிறேன். அன்று ஓர்ட்டர் எறிந்தவற்றில் மூன்று எறிதல்கள், மற்ற எவருடைய சிறந்த எறிதலையும்விடத் தொலைவாக விழுந்தன. 56.36ஐ நடுவர்கள் அழித்திருந்தாலும் அவருக்குத்தான் தங்கம். அடுத்ததையும் அழித்திருந்தாலும் அவருக்குத்தான்.

மேடையில் விழப்போனாராமே?

ஆமாம். தங்கம் வாங்க மேல்படியில் நின்றபோதுதான் நடந்தது என்ன என்பது மண்டையில் ஏறியது. முழங்கால் மடங்கி, விழாமல் சமாளித்துக்கொண்டார். எறியும் வளையத்துக்குள் நடுங்காத கால் படியில் நடுங்கியது. என் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1957 விபத்து பற்றி?

1957 அவருக்குக் கல்லூரிச் சாம்பியன் பட்டத்தைக் கொடுத்தது. உயிரைப் பறிக்கப் பார்த்த ஆண்டும் அதுவே. கார் விபத்து ஒன்றில் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். 20 வயதில் ஒலிம்பிக் தங்கம், அடுத்த ஆண்டே படுக்கை. அந்த வரிசையில் பலர் வாழ்க்கைக் கதை முடிந்துபோகும். ஓர்ட்டர் 1958இல் திரும்பவும் கல்லூரிச் சாம்பியன். இந்த முறை பட்டத்தைத் தெற்குக் கலிஃபோர்னியாவின் ரிங்க் பாப்காவோடு பகிர்ந்துகொண்டார். பாப்கா என்ற பெயரை நினைவில் வையுங்கள். 1959இல் சிகாகோவில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியிலும் (வட, தென் அமெரிக்க நாடுகள் மோதுவது) தங்கம்.

கல்லூரி முடிந்தபின் யாரிடம் பயிற்சி பெற்றார்?

யாரிடமும் இல்லை. கான்சாஸை விட்டபின் தனக்குத் தானே பயிற்சியாளர். லாங் தீவுக்குத் திரும்பி க்ரம்மன் என்னும் விமான நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தார். வேலை முடிந்த பிறகுதான் மைதானம். அந்நாளில் ஒலிம்பிக் வீரர்கள் விளையாட்டால் காசு பார்க்கக் கூடாது. தங்கப் பதக்கம் வீட்டு வாடகைக்கு உதவாது.

ஆளில்லாமல் பழகுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன் (என் பிழைப்பும் இருக்கிறது). ஆனால் அதில் ஒரு பலன் உண்டு. தன் தவற்றைத் தானே கண்டுபிடிக்கப் பழகியவனுக்கு, போட்டி நடுவே காதோரம் யாரும் இல்லையென்றாலும் பதற்றம் வராது. அப்படிப்பட்ட ஆளுக்கே ஒருநாள் ஒரு வார்த்தை வெளியிலிருந்து தேவைப்பட்டது. அடுத்த கேள்வி அதுதான்.

ரோமில் போட்டியாளரே உதவினார் என்பது உண்மையா?

உண்மை. இந்தக் கதைக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

1960 ஆகஸ்ட் மாதம் ரிங்க் பாப்கா 59.91 மீட்டர் எறிந்து, போலந்தின் எட்மண்ட் பியாட்கோவ்ஸ்கி முந்தைய ஆண்டு படைத்த உலக சாதனையைச் சமன்செய்திருந்தார். அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் ஓர்ட்டரையும் தோற்கடித்திருந்தார். ரோமில் தகுதிச் சுற்றில் ஓர்ட்டர் 58.43 எறிந்து ஒலிம்பிக் சாதனையைப் புதுப்பித்தார். சரி, இந்த முறையும் அவர்தான் என்று தோன்றியிருக்கும்.

செப்டம்பர் 7, இறுதிச் சுற்று. இப்போது முதல் வாய்ப்பில் முந்தியவர் பாப்கா: 58.02. மெல்போர்னில் ஓர்ட்டர் மற்றவர்களுக்குச் செய்ததை பாப்கா ஓர்ட்டருக்குச் செய்துவிட்டார். இரண்டாவது சுற்று, மூன்றாவது, நான்காவது. ஓர்ட்டரால் தாண்ட முடியவில்லை. ஐந்தாவது எறிதலுக்குமுன் பாப்கா அவரிடம் வந்து, உன் இடது கை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்று சொன்னார்.

எறியும் கை வலது. அப்படியிருக்க இடது கைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வலக்கை வீரர் வளையத்துக்குள் இடப்பக்கமாக ஒன்றரைச் சுற்றுச் சுற்றுகிறார். வட்டு உள்ள கை உடம்புக்குப் பின்னால், எவ்வளவு பின்தங்க முடியுமோ அவ்வளவு பின்தங்கி வரவேண்டும். கால், இடுப்பு, தோள், கடைசியில் கை. முறுக்கிய கயிறு அவிழ்வதுபோல வரிசையாக. இடது கைதான் முன்னே நீண்டு சமநிலையைப் பிடிக்கிறது. விடுகிற நொடியில் அது நெஞ்சோரம் மடங்கி இடப்பக்கத்தை நிறுத்துகிறது. அது இடம் மாறினால் தோள் சீக்கிரம் திறந்துகொள்ளும், முறுக்கு வீணாகும். எறிபவருக்கு அது தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குப் பளிச்சென்று தெரியும்.

ஓர்ட்டர் கையைத் திருத்திக்கொண்டு எறிந்தார். 59.18. புதிய ஒலிம்பிக் சாதனை, இரண்டாவது தங்கம். பாப்காவுக்கு வெள்ளி. டிக் காக்ரன் 57.16 எறிந்து வெண்கலம் பெற, மூன்று பதக்கமும் மறுபடி அமெரிக்காவுக்கே.

முன்னணியில் இருக்கிறவர், உலக சாதனையில் பங்குள்ளவர், வாயை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு சுற்றுக் காத்திருந்தால் போதும். அவர் ஏன் சொன்னார்? என் மாணவர் ஒருவர், "அவர் முட்டாளா சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் அதே பையன் பக்கத்து வரிசைப் பையனுக்குக் காலடி எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தான். நானும் கண்டுகொள்ளாத மாதிரி நடந்துவிட்டேன்.

அதே ரோமில் வீரர்கள் சார்பில் உறுதிமொழி எடுத்தவர் கொன்சோலினி. 43 வயதிலும் அவர் அந்த ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். இருபது ஆண்டு கழித்து 1980இல், அதே 43 வயதில், ஓர்ட்டர் தன் வாழ்நாளின் மிகத் தொலைவான 69.46 மீட்டரை எறிந்தார்.

காற்று உதவினால் தூரம் கூடுமா?

கூடும். ஆனால் பின்னாலிருந்து தள்ளும் காற்று என்று நினைத்தால் தவறு. வட்டு இறக்கைபோலப் பறக்கிற பொருள். மிதமான எதிர்க்காற்று அதைத் தாங்கிப் பிடிக்கும். நூறு மீட்டர் ஓட்டத்தில் காற்றை அளந்து சாதனையைத் தள்ளுபடி செய்வதுபோல வட்டெறிதலில் கிடையாது.

இரண்டு தங்கம் வென்றவர் உலக சாதனையும் வைத்திருந்தாரா?

அதுவரை இல்லை! பலரும் நம்ப மறுப்பது இதைத்தான். இரண்டு ஒலிம்பிக் தங்கத்துக்குப் பிறகும் உலகிலேயே மிகத் தொலைவு எறிந்தவர் என்ற பெயர் அவருக்கு வரவில்லை. 1961 ஆகஸ்டில் இன்னொரு அமெரிக்கரான ஜே சில்வெஸ்டர் உலக சாதனையை 60.72 மீட்டருக்குக் கொண்டுபோயிருந்தார். அடிக்கணக்கில் பார்த்தால் 199 அடிக்குச் சற்று மேல். 200 அடியை யார் முதலில் தாண்டுவார் என்பதே அன்றைய வட்டெறி உலகின் பேச்சு.

1962 மே 18, லாஸ் ஏஞ்சலிஸ். ஓர்ட்டரின் வட்டு 61.10 மீட்டர் போனது. 200 அடி 5 அங்குலத்துக்கு மேல். முறையான 2 கிலோ வட்டால் ஏற்கப்பட்ட சாதனையாக 200 அடியைத் தாண்டிய முதல் ஆள். பதினேழு நாள்தான் வைத்திருந்தார். ஜூன் 4 அன்று லெனின்கிராடில் சோவியத் வீரர் விளாதிமிர் த்ருசென்யோவ் 61.64 எறிந்து அதைப் பறித்துக்கொண்டார். ஜூலை 1 அன்று சிகாகோவில் ஓர்ட்டர் 62.45 எறிந்து திரும்ப வாங்கினார். அப்போது அவருக்கு 25 வயது.